மகமைக் கணக்கிலிருந்து கண் முகாம் வரை

விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டை, கோவில்பட்டி எனக் கரிசல் காட்டுச் சந்தை ஊர்களின் பழைய மண்டிச் சிட்டைகளில் சரக்கின் விலை, கமிஷன், எடைக்கூலி, ஏற்றுக்கூலி என்று வரிசையாகப் போய், ஓரத்தில் ஒரு சின்னத் தொகை தனியே நிற்கும். அதுதான் மகமை. பருத்தியோ வத்தலோ மல்லியோ உளுந்தோ, மூட்டைக்கு இவ்வளவு என்று ஊர் கூடி முன்பே முடிவு செய்த காசு அது. விலையில் பேரம் நடக்கும், மகமையில் நடக்காது. பெரிய வியாபாரி நூறு மூட்டைக்குக் கொடுப்பார், சின்ன வியாபாரி இரண்டு மூட்டைக்குக் கொடுப்பார். கணக்கு ஒன்றுதான்.

மழை பொய்த்தால் மொத்தமும் பொய்க்கிற மானாவாரிச் சீமை இது. தாமிரபரணிக் கரையில் போல முப்போகமும் கோயில் மானியமும் பெருநிலக்காரரும் இங்கே கிடையாது. எட்டயபுரம் போன்ற ஜமீன்கள் இருந்தன. அவர்களுடைய கொடை அரண்மனைக்குப் பிடித்த கோயிலுக்கும் புலவருக்கும் போனது. சாமானியர் கூட்டு வாழ்க்கைக்குத் தேவையான காசு சாமானியர் மடியிலிருந்தே வரவேண்டியிருந்தது. ஒருவர் ஆயிரம் கொடுப்பது நடவாத காரியம். ஆயிரம் பேர் ஆளுக்கொரு காசு கொடுப்பது நடக்கும். கரிசலின் கொடை மரபு இந்த இடத்திலிருந்துதான் புறப்படுகிறது.

மகமையை நாடார் வணிகர்கள் ஓர் அமைப்பாகவே வளர்த்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை என்ற ஆறு ஊர்களில் அவர்கள் வேரூன்றினார்கள். சரக்கு வண்டிகள் இரவில் தங்கப் பாதுகாப்பான இடம் தேவைப்பட்டது. அதற்காகச் சுற்றுச்சுவர் எழுப்பிய பேட்டைகள் உருவாயின. பேட்டையில் வண்டி அவிழ்ப்பவரும் சரக்கு விற்பவரும் மகமை கொடுத்தார்கள். அந்தப் பொதுப்பணத்தை உறவின்முறை நிர்வகித்தது. குடும்பத் தலைவர்கள் முறை வைத்துப் பொறுப்பேற்றுக் கணக்கைச் சபையில் வைத்தார்கள். பேட்டைக்கும் கிணற்றுக்கும் கோயிலுக்கும் போக மிஞ்சிய பணம், அந்த நூற்றாண்டு முடியும் தறுவாயில், பள்ளிக்கூடமாக மாறியது. விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை அப்படி எழுந்ததுதான்.

அந்தப் பள்ளியைப் பேணியதில் மண்டிக் கணக்கைவிட நெஞ்சைத் தொடுவது அடுப்படிக் கணக்கு. ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது பெண்கள் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பார்கள். பள்ளியின் பேரால் அதைச் சேகரித்துக்கொண்டு போய் விற்றுப் பணமாக்குவார்கள். பிடி அரிசி என்ற இந்த ஏற்பாட்டில் கொடுக்கிறவரின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் ஏறாது. பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள், தங்கள் வீட்டுப் பிள்ளைகள் மட்டுமல்லாமல் ஊர்ப் பிள்ளைகளும் படிப்பதற்காக, அன்றாடம் கொடுத்த கொடை இது. காமராசர் படித்தது இந்தப் பள்ளியில்தான்.

இந்த மரபுக்கு ஒரு வேலியும் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. மகமை ஒரு சாதியாரின் பொதுப்பணம். கோயிலுக்குள் விடமாட்டோம், பொதுக்கிணற்றில் இறைக்க விடமாட்டோம் என்று தள்ளி வைக்கப்பட்டவர்கள் தமக்கென்று கிணறும் பள்ளியும் கட்டிக்கொண்ட பணம் அது. பள்ளிகளின் கதவு பிற்பாடு எல்லாருக்கும் திறந்தது உண்மை. ஆனால் யார் கொடுப்பது, யாருக்குக் கொடுப்பது என்ற வட்டம் முதலில் குறுகலாகத்தான் இருந்தது. அந்த வட்டம் எப்படி அகன்றது என்பதில்தான் ஆஸ்பத்திரியின் கதை வருகிறது.

கோயிலுக்கும் பள்ளிக்கும் தண்ணீர்ப் பந்தலுக்கும் தாராளமாகக் கொடுத்த கரிசல், வைத்தியத்துக்கு மட்டும் நெடுங்காலம் பொதுப்பணம் ஒதுக்கவில்லை. வைத்தியத்துக்குக் கொடுப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதும் அல்ல. காஞ்சிபுரம் பக்கம் திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் 15 படுக்கைகளோடு ஓர் ஆதுலர் சாலை நடந்தது. வைத்தியருக்கு எவ்வளவு நெல், அறுவை செய்பவருக்கு எவ்வளவு, மருந்து கொடுக்கும் பெண்களுக்கு எவ்வளவு, ஓராண்டுக்கு என்னென்ன மருந்து இருப்பு வைக்க வேண்டும் என்பது வரை கல்வெட்டாகவே இருக்கிறது. ஆனால் அது அரசனும் பெருங்கோயிலும் சேர்ந்து கொடுத்த கொடை. அந்த மாதிரிக் கோயில் கரிசலில் ஏது?

இங்கே நோய் என்பது வீட்டு விவகாரம். கைப்பக்குவம், நாட்டு வைத்தியர், குலசாமிக்கு முடிந்து வைக்கிற காசு. தாது வருஷத்துப் பஞ்சம் (1876-78) இந்தச் சீமையை வாட்டியபோது கஞ்சித் தொட்டிகளைத் தேடி ஊர் ஊராக ஜனங்கள் நடந்தார்கள். ஆஸ்பத்திரி என்ற ஒன்றை தெற்கே நாசரேத் போன்ற மிஷன் ஊர்களில்தான் பார்க்க முடிந்தது. அங்கே 1870இல் டாக்டர் ஸ்ட்ராச்சன் தொடங்கிய வைத்தியப் பணி புனித லூக்கா மருத்துவமனையாக வளர்ந்தது. அதற்கான பணம் கடல் கடந்து வந்தது. ஆக, கரிசல்காரனுக்கு ஆஸ்பத்திரி என்றால் ஒன்று சர்க்கார் கொடுப்பது, அல்லது வெள்ளைக்காரச் சாமியார் கொடுப்பது. தான் கொடுத்து நடத்துகிற இடமாக அதை நினைத்துப் பார்க்க வழியே இல்லை.

எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் அயன் வடமலாபுரம் என்ற கிராமம். 1918 அக்டோபர் 1 அன்று அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார் கோவிந்தப்பா வெங்கடசாமி. ஆரம்பப் பள்ளியில் காகிதமோ பென்சிலோ கிடையாது. ஆற்று மணலைக் கொண்டுவந்து பரப்பி, விரலால் எழுதி, கலைத்துவிட்டு மறுபடி எழுதுவார்கள். ஊரில் டாக்டரும் கிடையாது. சிறுவனுக்குப் பத்து வயது நிறைவதற்குள் உறவுக்காரப் பெண்கள் மூன்று பேர் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் செத்துப்போனார்கள். பிரசவம் பார்க்கிற டாக்டராக வேண்டும் என்று அவர் நினைத்தது அதனால்தான் என்று பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அந்தக் காலக் கரிசல் கிராமத்தில் அந்த மாதிரிச் சாவு யாரையும் அதிர வைத்திருக்காது. விதி என்று அழுது முடித்திருப்பார்கள். ஒரு சிறுவன் அதை விதி என்று ஏற்காமல் போனதால் விளைந்தது பெரிது.

மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பட்டம் பெற்றுவிட்டுச் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1944இல் டாக்டரானார். ஸ்டான்லிக்கும் ஒரு கொடைக் கதை உண்டு. 1782இன் பஞ்சத்தில் பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற ஏற்பட்ட மணியக்காரர் சத்திரமும், அதையொட்டி எழுந்த ஆஸ்பத்திரியும்தான் அதன் மூலம். வடசென்னை ஜனங்கள் நெடுங்காலம் அதைக் ‘கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி’ என்றே சொன்னார்கள். பஞ்சச் சீமையிலிருந்து போன பையன் கஞ்சித் தொட்டியில் பிறந்த ஆஸ்பத்திரியில் வைத்தியம் கற்றுக்கொண்டது பொருத்தம்தான்.

ராணுவ மருத்துவப் பணியில் இருந்தபோது கடுமையான மூட்டுவாதம் வந்து அவர் படுக்கையில் விழுந்தார். விரல்கள் கோணிப்போயின. பிரசவம் பார்க்கும் டாக்டராகும் ஆசை அதோடு போனது. கண் மருத்துவத்துக்கு மாறி, அந்தக் கோணல் விரல்களுக்குக் கத்தியைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைச் சிகிச்சைகள் செய்தது அந்த விரல்கள்தான்.

1956இல் அவர் மதுரை மருத்துவக் கல்லூரிக்கும் அன்றைய எர்ஸ்கின் ஆஸ்பத்திரிக்கும் கண் துறைத் தலைவராக வந்தார். அதே ஆண்டில் அவருடைய சொந்தச் சீமையில் வேறொன்று நடந்தது. முதலமைச்சர் காமராசர், பாரதி பிறந்த எட்டயபுரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கான மதிய உணவைத் தொடங்கி வைத்தார். ஊரார் நெல்லும் பருப்பும் காய்கறியும் கொடுக்க, பிறகு அரசும் தன் பங்கைப் போட, மாநிலம் முழுக்கப் பரவிய திட்டம் அது. பிடி அரிசியில் நடந்த பள்ளியில் படித்தவர், பிடி அரிசியை அரசாங்கத்தின் வேலையாக ஆக்கினார். சாதி வட்டத்துக்குள் இருந்த ஏற்பாடு ஊர் முழுமைக்குமான ஏற்பாடாக அகன்றதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

1960களில் டாக்டர் வெங்கடசாமி கிராமங்களுக்குக் கண் முகாம்களைக் கொண்டு போனார். வேலைக்காட்டில் வெயிலில் குனிந்தே கிடந்தவர்களுக்கு ஐம்பது, அறுபது வயதில் ‘கண்ணில் பூ விழுந்துவிடும்’. அதற்குப் பின் அவர்கள் திண்ணையோடு சரி. வீட்டில் சோறு போடுவார்கள். கூலி இல்லாத வயிறு பாரம்தான். புரையை எடுத்தால் பார்வை திரும்பும் என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தவருக்கும் மதுரை வரை போகக் கை கொடுக்க ஆளில்லை. பார்வையற்றோருக்காக இங்கிலாந்தில் அமைப்பு நடத்திவந்த, தானே பார்வையிழந்தவரான சர் ஜான் வில்சனை வெங்கடசாமி 1965இல் சந்தித்தார். அந்த அமைப்பின் உதவியும் முகாம்களுக்குக் கிடைத்தது.

ஆனால் முகாமை நடத்தியது வெளிநாட்டுக் காசு மட்டும் அல்ல. பள்ளிக்கூடக் கட்டடத்தை விடுமுறை நாளில் திறந்துவிட்டவர், பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டவர், பந்தல் போட்டவர், அண்டாவில் சாப்பாடு சமைத்தவர் எல்லாம் உள்ளூர்க்காரர்கள். அரிமா சங்கம், ரோட்டரி, மில் நிர்வாகம், வணிகர் சங்கம், கோயில் கமிட்டி என்று ஏதாவது ஒன்று பொறுப்பேற்கும். நோட்டீஸ் அடிப்பதும், வண்டியில் மைக் கட்டித் தெருத்தெருவாகச் சொல்வதும், ஆட்களை ஏற்றி வருவதும் அவர்கள் செலவு. டாக்டர் வெங்கடசாமி பின்னால் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் முகாம்கள் இன்றுவரை இந்த ஏற்பாட்டில்தான் நடக்கின்றன. முகாம் நாளில் ஒரு மேசையில் பெயர் பதிவு, அடுத்ததில் பார்வைச் சோதனை, பிறகு கண் அழுத்தமும் கண்ணீர்ப்பையும் பார்ப்பது, கண்ணாடிக்கு அளவெடுப்பது, கடைசியில் டாக்டர். கண்ணாடி போதும் என்றால் அங்கேயே தேய்த்துக் கொடுப்பார்கள். புரை என்றால் அன்றைக்கே பஸ். துணிப்பையில் ஒரு மாற்றுச் சேலையோடு ஏறுகிற கிழவி, ஆபரேஷன் முடிந்து அதே பஸ்ஸில் ஊர் திரும்புவாள். போக்குவரத்து, லென்ஸ், மருந்து, சாப்பாடு, தங்கல் எதற்கும் காசு கிடையாது. ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனையும் ஊருக்கே வரும்.

அந்தக் கிழவி எந்தத் தெரு, எந்தச் சாதி என்று பந்தல் போட்ட வணிகர் சங்கம் கேட்பதில்லை. மகமை மரபில் இருந்த வேலி இங்கே விழுந்தது. பழைய மகமையின் ஒழுங்கும், சிறுகச் சிறுகச் சேர்க்கிற பழக்கமும், பொதுக்காரியத்துக்குப் பொறுப்பேற்கிற வழக்கமும் அப்படியே இருக்க, வாங்குகிறவர் வட்டம் மட்டும் ஊரெல்லை தாண்டிப் போனது.

58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர், 1976இல் மதுரை அண்ணா நகரில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். தங்கை டாக்டர் நாச்சியார், அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி, கட்டடப் பொறியாளரான தம்பி சீனிவாசன் என்று குடும்பமே இறங்கியது. வீடு அடமானம் போனது. நகைகளும் அடகுக் கடைக்குப் போயின. பணம் சேரச் சேரத் தளம் தளமாகக் கட்டினார்கள். கரிசலில் வீடு கட்டுகிறவர்கள் செய்வதும் இதுதான்: ஒரு வெள்ளாமையில் அஸ்திவாரம், அடுத்த வெள்ளாமையில் சுவர்.

இங்கேதான் அரவிந்த் மற்ற தரும ஆஸ்பத்திரிகளிலிருந்து விலகியது. ஆஸ்பத்திரியின் அன்றாடச் செலவுக்கு நன்கொடையை நம்பக் கூடாது என்று டாக்டர் தீர்மானித்தார். கட்டணம் கொடுக்க முடிந்தவர் கொடுப்பார். அதில் மிஞ்சுவது கொடுக்க முடியாதவரின் ஆபரேஷனுக்குப் போகும். இரண்டு பக்கத்திலும் பார்ப்பது அதே டாக்டர்கள்தான். யார் கொடுப்பது என்பதை நோயாளியே முடிவு செய்துகொள்ளலாம். வருமானச் சான்று கேட்பதில்லை. கட்டணம் கட்டிப் போகிறவர் தன்னையும் அறியாமல் ஒரு மகமை செலுத்திவிட்டுப் போகிறார். மூட்டைக்கு இவ்வளவு என்று சரக்கோடு சேர்ந்தே தருமம் கழிந்த அந்தச் சிட்டையை, ஒரு கரிசல்காரர் ஆஸ்பத்திரி பில்லில் மறுபடி எழுதினார் என்றுதான் இதைப் படிக்கத் தோன்றுகிறது. இந்த ஒப்பீட்டை டாக்டர் வாயால் சொன்னார் என்பதல்ல. அவர் வளர்ந்த சீமையில் தருமம் என்றால் அப்படித்தான் நடந்தது.

இங்கிலாந்திலும் இதற்கு ஈடான ஒரு கதை உண்டு. அங்கே 18ஆம் நூற்றாண்டிலிருந்து ஆஸ்பத்திரிகள் கனவான்களின் சந்தாவில் நடந்தன. சந்தா கட்டுகிறவர் சிபாரிசுக் கடிதம் கொடுத்தால்தான் ஏழைக்குப் படுக்கை. அந்தக் கடிதத்துக்காக ஏழை வாசலில் நிற்க வேண்டும். 1870களில் தொழிலாளர்கள் வேறு வழி கண்டார்கள். சம்பள நாளான சனிக்கிழமையில் ஆளுக்குச் சில பென்னிகள் போட்டு ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுத்தார்கள். 1873இல் லண்டனில் உருவான ‘ஹாஸ்பிடல் சாட்டர்டே ஃபண்ட்’ அப்படித் தொடங்கியது. கொடுத்தவர்களே நோயாளிகளும் என்பதால் யாரும் யார் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. ஒருவர் தயவில் நிற்கிற ஆஸ்பத்திரிக்கும் பலர் பங்கில் நிற்கிற ஆஸ்பத்திரிக்கும் உள்ள வித்தியாசம் நோயாளியின் முதுகில் தெரியும்: ஒன்றில் அது வளைந்திருக்கும்.

வெளியிலிருந்து வந்த உதவியை அரவிந்த் மறுத்ததும் இல்லை. 1978இல் அமெரிக்காவில் உருவான சேவா அறக்கட்டளை நெடுங்காலத் துணையாக நின்றது. ஆனால் இலவசமாக வருகிற பொருள் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதை லென்ஸ் விஷயம் கற்றுக்கொடுத்தது. புரையை எடுத்துவிட்டுக் கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைக்கும் முறை வந்தபோது வெளிநாட்டு லென்ஸ் ஒன்று நூறு டாலர் அளவில் விற்றது. காசுள்ளவருக்கு லென்ஸ், ஏழைக்குச் சோடாபுட்டிக் கண்ணாடி என்ற நிலைமை. அந்தக் கண்ணாடி உடைந்தாலோ தொலைந்தாலோ பார்வை மறுபடி போன மாதிரிதான். நன்கொடையாக வந்த லென்ஸ்கள் முகாம் கூட்டத்துக்கு எந்த மூலைக்கு? 1992இல் மதுரையிலேயே ஆரோலேப் தொடங்கி, சேவாவோடு சேர்ந்திருந்த டேவிட் கிரீனின் உதவியோடு லென்ஸை இங்கேயே செய்தார்கள். விலை பத்து டாலர் அளவுக்கும், பிறகு அதற்கும் கீழும் இறங்கியது. அதற்குப் பின் முகாம் பஸ்ஸில் வந்தவருக்கும் கண்ணுக்குள் லென்ஸ்.

இன்னொரு பாடம் கசப்பானது. தமிழகக் கிராமங்களில் நடத்தி 1999இல் வெளியான ஓர் ஆய்வில், கண்ணில் கோளாறு இருந்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேர்கூடக் கண் முகாமுக்கு வரவில்லை என்று தெரிந்தது. ஆபரேஷன் இலவசம், ஆனால் கூட வருகிறவருக்கு ஒரு நாள் கூலி போகும். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். கண்ணில் கத்தி வைப்பார்கள் என்ற பயம் வேறு. ‘இருக்கிற வரைக்கும் இப்படியே இருந்துட்டுப் போறேன்’ என்று சொல்லிவிடுகிற பாட்டிகள் எல்லாக் கிராமத்திலும் உண்டு. அந்தப் பாட்டி அப்படிச் சொல்வது அறியாமையால் அல்ல. வீட்டுக்குச் செலவாகக் கூடாது என்ற எண்ணத்தால். ஏழையின் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் உள்ள தூரத்துக்கும் யாராவது காசு கொடுத்தாக வேண்டும். முகாமுக்குப் பொறுப்பேற்கிற உள்ளூர்ச் சங்கங்களின் பஸ்ஸும் சாப்பாடும் அந்தத் தூரத்துக்கான கொடைதான். பிந்திய ஆண்டுகளில் ஊர்களுக்கு நடுவிலேயே திறந்த பார்வை மையங்கள் அந்தத் தூரத்தை இன்னும் குறைத்தன. சிறு பதிவுக் கட்டணம், பயிற்சி பெற்ற ஊழியர், திரை வழியே டாக்டர் என்று அவை நடக்கின்றன.

ஊழியர்களில் பெரும்பாலோர் கிராமத்துப் பெண்கள். பள்ளிப் படிப்பை முடித்த விவசாயக் குடும்பப் பிள்ளைகளை எடுத்து இரண்டாண்டு பயிற்சி கொடுத்து, கண் பரிசோதனை முதல் அறுவை அரங்கு வரை நிறுத்தும் முறையை வளர்த்ததில் டாக்டர் நாச்சியாரின் பங்கு பெரிது. 2024இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அண்ணனுக்கு 1973இலேயே கிடைத்திருந்தது. 1988இல் திருநெல்வேலியிலும் அரவிந்த் திறந்த பிறகு, கரிசலின் தென்பாதிக்காரர்கள் மதுரை வரை போகத் தேவையில்லாமல் போனது. 2006 ஜூலை 7 அன்று டாக்டர் வெங்கடசாமி காலமானார். அரவிந்த் குழுமம் இன்று ஆண்டுக்கு 4 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகளைச் செய்கிறது. பாதிக்கும் மேல் இலவசம் அல்லது சலுகைக் கட்டணம்.

மகமைக்குச் சட்டத்தின் வாசலிலும் ஒரு வெற்றி உண்டு. வட இந்தியாவில் இதே வழக்கத்துக்குத் ‘தர்மாதா’ என்று பெயர். விற்பனைச் சிட்டையில் அப்படி வசூலித்த பணம் நிறுவனத்தின் வருமானமா என்ற கேள்வி பிஜிலி காட்டன் மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை போனது. அது வியாபார வருமானம் அல்ல, தருமத்துக்கென்று ஒப்படைக்கப்பட்ட பணம் என்று 1970களின் இறுதியில் தீர்ப்பு வந்தது. மண்டிக் கணக்கப்பிள்ளைக்கு இது முன்பே தெரியும். அந்தத் தொகையை அவர் ஒருநாளும் முதலாளியின் வரவில் சேர்த்து எழுதியதில்லை.

ஆனால் கண்ணுக்குப் பொருந்திய ஏற்பாடு எல்லா உறுப்புக்கும் பொருந்திவிடாது. புரை ஆபரேஷன் ஒரு தரத்தோடு முடிகிறது, மலிவாகச் செய்யலாம், மறுநாளே பார்வை தெரிகிறது, பந்தல் போட்டவருக்கும் பலன் கண்ணெதிரே நிற்கிறது. சிறுநீரகம் செயலிழந்தவருக்கு வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை ரத்தச் சுத்திகரிப்பு, அதுவும் ஆயுசு முழுக்க. புற்றுநோய்க்குப் பல மாதச் சிகிச்சை. ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பந்தலுக்குள் இவை அடங்குவதில்லை. அரசு மருத்துவமனைகளும் 2009இல் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டமும் அதன் வழிவந்த முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் பெரும்பாரத்தைத் தூக்குகின்றன. ஆனால் சிகிச்சைக்காக வாரா வாரம் பஸ் ஏறும் தீப்பெட்டித் தொழிலாளியின் போக்குவரத்துக்கும், கூட வருகிறவரின் போன கூலிக்கும் எந்தத் திட்டத்திலும் கணக்குக் கிடையாது. மாதம் தவறாமல் வருகிற செலவுக்கு மாதம் தவறாமல் வருகிற காசுதான் ஈடுகொடுக்கும். மூட்டைக்கு இவ்வளவு என்று சந்தை நாள் தவறாமல் கழித்துப் பழகிய ஊர்கள் இவை. அடுத்த மகமையை இந்தப் பஸ் கட்டணத்துக்கும் இந்தக் கூலிக்கும் எழுதத் தொடங்க, உறவின்முறைகளுக்கும் வணிகர் சங்கங்களுக்கும் புதிய சட்டமோ புதிய கட்டடமோ தேவையில்லை. சிட்டைப் புத்தகம் ஏற்கெனவே அவர்கள் கையில் இருக்கிறது.